சைரனுக்கு மெட்டுப் போட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சமுதாய வானொலியில் நடந்த விஷயம் இது. அங்கே இசைப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. பிரிவு என்றதும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான், என் கீபோர்டு, ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்கு முன் இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசித்தவன். பொன்னேரியில் வீடு. காலை ரயிலில் போய், நிகழ்ச்சிகளுக்கு முகப்பு இசை போடுவது, பாடுகிறவர்களைப் பதிவு செய்வது, மதியம் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவது என்று எல்லாம் நானே. சம்பளம் சுமார்தான். ஆனால் "இந்த மியூசிக் யார் போட்டது?" என்று யாராவது கேட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் எனக்கு. அந்தத் தற்பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. அதைப் பதிவு செய்துவர நானும் எங்கள் நிலையப் பொறுப்பாளர் மேடமும் போனோம். கம்பெனி அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். ஷிப்ட் சைரன் ஒரே மட்டமாக ஊதும், ஆபத்து சைரன் ஏறி ஏறி இறங்கும், ஆபத்து நீங்கியதும் மறுபடி ஒரே மட்டமாக நீளமாக ஊதும் என்றார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஆனால் என் காது அவர் பேச்சில் இல்லை. அந்த ஏறி இறங்கும் சத்தத்திலேயே இருந்தது. கீழே சட்ஜமத்தில் ஆரம்பித்துப் பஞ்சமம் வரை வழுக்கிக்கொண்டு போய், அப்படியே வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடடா, இரும்புக் குழாய்க்குள் இப்படி ஒரு கமகமா என்று சொக்கிப்போய் நின்றேன்.

தொழிலாளர் குடும்பங்களுக்காகப் புதிதாக ஒரு நிகழ்ச்சி தொடங்க இருந்தோம். தினமும் காலை பதினோரு மணிக்கு. அதன் முகப்பு இசைக்கு அந்தச் சைரனையே எடுத்துக்கொண்டேன். முதல் பத்து விநாடி சைரன் மட்டும். பிறகு மேளம், அதற்குப் பிறகு கீபோர்டு. மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினேன். கேட்ட மேடமும், "நம்ம ஏரியா வாசனை அப்படியே வருது சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் ஒலிபரப்பு முடிந்து அரைமணி நேரம் இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நிலையத்துக்குள் வந்து நின்றார். தோளில் ஈரத் துண்டு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை, காலில் செருப்பு இல்லை. முழங்கையில் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"சைரன் போட்டது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ரேடியோவை முழு சத்தத்தில் வைத்திருப்பாராம். கணவர் அந்தக் கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, பாய்லர் பக்கம் வேலை. சைரன் கேட்டதும் கிரைண்டரை அப்படியே விட்டுவிட்டு, துண்டை நனைத்துக்கொண்டு அங்கன்வாடிக்கு ஓடிக் குழந்தையைத் தூக்கியிருக்கிறார். அவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் ஓடியிருக்கிறார்கள். வழியில் விழுந்து எழுந்து கம்பெனி வாசலுக்குப் போய், உள்ளே ஒன்றுமில்லை என்று காவலாளி சொன்னதை நம்பாமல், கணவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாராம். வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்ததற்காக அந்த மனிதருக்கு சூப்பர்வைசரிடம் நல்ல டோஸ்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா மேளம் வந்திருக்குமேம்மா, பாட்டுன்னு தெரிஞ்சிருக்குமே" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் அப்போதும் மெட்டைத்தான் காப்பாற்றப் பார்த்தது.

"மேளம் வர்ற வரிக்கும் யாரு சார் நின்னுக்கினு இருப்பாங்க? அந்தச் சத்தம் கேட்டா யோசிக்கவே கூடாது. துணிய நனைச்சி மூக்குல கட்டிக்கினு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கால ஓடணும். யோசிச்சிக்கினு நின்னா காத்து நம்ம மேல வந்துரும்."

மேடம் பதறிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, காயத்துக்கு மருந்து போட்டார். நானும் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் அதைப் போடவே மாட்டோம், ரேடியோவிலும் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று இருவரும் உறுதி சொன்னோம். அவர் சமாதானமாகவில்லை.

"நிறுத்திருவீங்க சார். ஆனா நாளைக்கி நெசமாவே ஊதிச்சின்னா? ரேடியோக்காரங்க வேலைன்னு ஊட்லயே குந்திக்கினு இருப்பாங்களே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்றேன்.

அவர் செல்போனை எடுத்தார். "சரி, உங்க நம்பர் குடுங்க. அடுத்த வாட்டி கேட்டா உங்களைக் கேட்டுட்டே ஓடுறேன்." குத்தலாகத்தான் சொன்னார். நான் அசடு வழிந்துகொண்டே நிலையத்தின் தொலைபேசி எண்ணைச் சொன்னேன். செல்போனில் பதிந்துகொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் தினமும் ஒலிபரப்பில் வருத்தம் தெரிவித்தேன். முகப்பு இசையை அழித்து, வெறும் புல்லாங்குழலில் வேறொன்று போட்டேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம். நேயர்கள் போனில் பேசிப் பிடித்த பாட்டைக் கேட்கும் நேரடி நிகழ்ச்சி. எங்கள் ஸ்டுடியோவில் கதவை மூடிவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. தலையில் ஹெட்போன் வேறு. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் மனைவிக்காகப் பாட்டுக் கேட்டார். இன்னொருவர் தன் ஊரையும் தெருவையும் சொல்லி முடிக்கவே இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். நானும் குஷியாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அழைப்பை எடுத்து, "வணக்கம், சொல்லுங்க, என்ன பாட்டு வேணும்?" என்றேன்.

மூச்சு இரைத்தது. "சார், மாவு அரைக்கிறவ பேசுறேன். சைரன் ஊதுது. இது நீங்களா, நெசமா?"

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தேன். ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதே சட்ஜமம், அதே பஞ்சமம். மைக்குக்குத் திரும்பி வந்து, "நாங்க இல்லம்மா! நெசம்! குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!" என்று கத்தினேன். அது அப்படியே ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது.

மேடம் அடுத்த அறையிலிருந்து கம்பெனிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போட்டார். வால்வு ஒன்றில் வாயுக் கசிவு, அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் ஜன்னல் வழியாகத் தென்னை மட்டைகளைப் பார்த்தேன். கடல் காற்று, கிழக்கிலிருந்து மேற்கே அடித்தது. அந்தப் பெண் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். துணியை நனைத்து மூக்கில் கட்டுங்கள், காற்றுக்குக் குறுக்கே போங்கள், கம்பெனிக்கு மேற்கே இருக்கிற தெருக்காரர்கள் தெற்குப் பக்கமாகப் போங்கள், இது பாட்டு இல்லை, இது பாட்டு இல்லை. பாட்டும் இல்லாமல், பின்னணியும் இல்லாமல், கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரே மட்டமாக அந்த நீளச் சைரன் ஊதியபோதுதான் சட்டை முழுக்க நனைந்திருப்பதே தெரிந்தது.

நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்குக் கண் எரிச்சல், இருமல். ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றே திரும்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் இருக்கும் தெருவுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லோரையும் முழுசாகப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க ரேடியோல சொன்ன பிறகுதான் சார் தெருவே கெளம்பிச்சி" என்றார் அந்தப் பெண். "அதுவரிக்கும் டீக்கடையில அத்தினி பேரும் குந்திக்கினு, ரேடியோக்காரன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்டான்னு சிரிச்சிக்கினு இருந்தாங்க."

"நீங்க உடனே ஓடியிருப்பீங்க இல்ல?" என்று கேட்டேன். அப்படி இருக்க வேண்டுமே என்ற ஆசையில் கேட்டேன்.

அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "இல்ல சார். எங்க ஊட்ல மட்டும் ஃபியூஸ் போயி கரண்ட்டு இல்ல, ரேடியோ ஓடல. பக்கத்து ஊட்டு ரேடியோன்னு நெனச்சிட்டேன். உங்களைக் கேட்டுரலாம்னு போன் போட்டேன். நாலு வாட்டி போட்டேன். எங்கேஜ்டாவே இருந்திச்சி. அஞ்சாவது வாட்டிதான் எடுத்தீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யோசிக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவரிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் மேடமும் கம்பெனியில் பேசி, சைரன் ஊதினால் உடனே நிலையத்துக்கும் தகவல் வர ஏற்பாடு செய்தோம். ஸ்டுடியோ கதவில் ஒரு சிவப்பு விளக்கும் மாட்டினோம். தெருத் தெருவாகப் போய், சைரன் எங்கள் ரேடியோவிலிருந்து இனி ஒருநாளும் வராது, கேட்டால் அது நிஜம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் நம்பினார்கள். சிலர் இன்னும் என்னைப் பார்த்தால் சைரன் மாதிரி ஊதிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்கள் நம்ப இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் ஏதாவது சத்தம் காதுக்குப் பிடித்துப்போனால் கை பரபரக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தோடு வாழ்கிறவர்களிடம் போட்டுக் காட்டாமல் அதை நான் தொடுவதில்லை, ஏனென்றால் எனக்கு வந்து சேராத அந்த நான்கு அழைப்புகள் இன்னும் என் காதுக்குள் அடித்துக்கொண்டேதான் இருக்கின்றன.