பனிமலை இல்லாத மேப்

பெரம்பலூரில் கட்டட பிளான் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாரமெல்லாம் படுக்கையறைக்கும் படிக்கட்டுக்கும் கம்ப்யூட்டரில் கோடு இழுப்பேன். ஞாயிறு மதியம் மட்டும் பேனா எடுத்து, இல்லாத நாடுகளுக்கு மேப் வரைவேன்.

அவை ஒரு விளையாட்டுக்கானவை. நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். சென்னையில் இருந்த ஒரு குழுவோடு போன் வழியாக இரண்டு வருடம் விளையாடினேன். மேப் என் பொறுப்பு. பனிமலை, பைன் காடு, கல்கோட்டை என்று நான் கண்ணால் காணாததையெல்லாம் வரைந்து கொடுத்தேன். பாராட்டினார்கள்.

புதுக் கதை தொடங்கும்போது, இந்தமுறை எனக்குத் தெரிந்ததை வரைவோம் என்று தோன்றியது. நான் பிறந்து வளர்ந்தது ஆலத்தியூர் பக்கம். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தப் பக்கம் மண்ணைத் தோண்டினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். எப்போதோ அங்கே கடல் இருந்ததாம். அதனால் கடல் விட்டுப்போன ஒரு நாட்டை வரைந்தேன். படிப்படியாக இறங்கும் வெள்ளைப் பள்ளங்கள், அடியில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கரிசலும் கருவேலங்காடும். இருப்பதிலேயே ஆழமான பள்ளத்தில் டிராகனைக் குடிவைத்தேன். வரைந்து முடிக்க மூன்று ஞாயிறு ஆனது.

கதை நடத்துபவர் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா நம்மூரு மாதிரியே இருக்கே.”

“நம்மூருதாங்க.”

“மாய உலகம்னு தோணலயே. வடக்கால நாலு பனிமலை போட்டுக் குடுத்துடுங்க, சரியாப் போயிடும்.”

“நீங்க பனிமலையப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“டிராகன?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“டிராகன் பனியில இருந்தா நம்புவீங்க, சுண்ணாம்புப் பள்ளத்துல இருந்தா நம்பமாட்டீங்களா? நான் மாத்தமாட்டேங்க.”

அடுத்த வாரம் வேறொரு மேப்பை வைத்துத் தொடங்கினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போகவில்லை. இரண்டு நாள் என் மேப்பையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், கதையை நானே நடத்துவது என்று முடிவு செய்தேன்.

ஆபீஸ் தோழிகள் இருவரும் என் நாத்தனாரும் விளையாட வந்தார்கள். நாத்தனாரின் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவள் மேப்பைப் பார்த்ததும், “பள்ளத்துல வண்டி எறங்க ஒரு ரோடு இருக்குமே அண்ணி, அதக் காணோம்?” என்றாள்.

சரியாகத்தான் கேட்டாள். அங்கேயே பேனா எடுத்து ரோடு போட்டேன். அதன் வழியாக மூவரும் இறங்கினார்கள். தோழிகள் பாறை மறைவில் ஒளிந்துகொண்டார்கள். நாத்தனாரின் வீராங்கனை நேராக டிராகன் முன்னால் போய் நின்றாள்.

“இது எங்க எடம். மொதல்ல நீ எந்திரி.”

பகடையில் மூன்று விழுந்தது. வீராங்கனை செத்துப்போனாள்.

“வேணும்னே கொன்னுட்டீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள். கையில் ஒரு தாள். செத்தவளின் தங்கை என்று புதிதாக ஒருத்தியை எழுதி வைத்திருந்தாள், ஆயுதம் கடப்பாரை.

“அது இன்னும் அங்கதான படுத்திருக்கு?” என்று கேட்டபடியே மேப்பை விரித்தாள்.