பழி கள்ளியின் மேல் இல்லை

மத்தியான ரயிலில் விழுப்புரத்திலிருந்து வந்த அண்ணியின் சித்தப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தெருவில் நின்றபடியே, "எங்க பொண்ணு விடியக்காலம் போயிடுச்சும்மா" என்றார். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "தலபாடா அடிச்சிக்கினனே, அந்தக் கள்ளிதான் அவள வாரிக்கினு போயிடுச்சு" என்றார். அன்று முதல் திண்டிவனத்தில் எங்கள் தெரு முழுவதும் அதையே சொல்கிறது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணி செல்லம்மாள், யுத்தம் தொடங்கிய வருஷம் எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அவருடைய அப்பா விழுப்புரம் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஸ்டேஷன் தோட்டத்தில் ஒடித்து வளர்த்த கள்ளிகளை அண்ணி சீரோடு கொண்டுவந்தார். ஒன்று உருண்டை; ஒன்று விரல் விரலாகக் கிளைத்தது; ஒன்று சதைப்பற்றான இலைகளைப் பூப்போல அடுக்கியது. எந்தத் தொட்டியிலும் மண் கிடையாது. செங்கல் உடைசலும் ஆற்றுச் சரளையும்தான். அவற்றைச் சலித்து, தூசி போகக் கழுவி, காயவைத்து நிரப்புவார். அடிவரை காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர்.

எதிர்வீட்டு அஞ்சலை அக்கா ஒருநாள் கேட்டார்: "இன்னாடி செல்லம்மா, செடிக்குக் கல்லு போடற, புருஷனுக்கு இன்னா போடற?"

"அவருக்கும் கல்லுதாங்க்கா. கேப்பையில அவ்ளோ கெடக்குது, யாரு பொறுக்கறது?"

சிரித்து ஓய்ந்த பிறகு அண்ணி காரணம் சொன்னார். "மண்ணும் எருவும் இருந்தா எறும்பு குடி வந்துடும். சும்மா வராது, மாவுப்பூச்சியையும் இட்டுக்கினு வரும். கல்லுல அதுங்களுக்கு இன்னா இருக்குது?"

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. "கல்லுல செடி வெச்சா வயித்துலயும் கல்லுதான் தங்கும்" என்று அம்மா அவர் காதில் விழும்படி சொல்வார். ஆனாலும் அண்ணி தொட்டிகளை எடுக்கவில்லை.

போன ஐப்பசியில் அண்ணி தாய்வீடு போயிருந்தபோது அம்மாவுக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. "வாயில்லாத செடி பட்டினி கெடக்குது" என்று தொட்டிகளில் செம்மண்ணும் சாணமும் கொட்டினார். மழை பிடித்துக்கொண்டது. அண்ணி திரும்பியபோது உருண்டைக் கள்ளி அடியில் அழுகியிருந்தது. மற்றவற்றில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அண்ணி ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைக் கழுவி, அழுகலை அறுத்து, நிழலில் உலர்த்தி, புதுச் சரளையில் நட்டார். "சாவாதுங்க அத்த. வெட்டுன எடம் காயணும், அவ்ளோதான்" என்று அம்மாவுக்கே ஆறுதல் சொன்னார். அப்போது விரலில் ஒரு முள் குத்தியது. அந்த வாரமே குளிர்க் காய்ச்சல் வந்தது.

குத்திய விரல் வீங்கவில்லை, பழுக்கவில்லை. நான் பார்த்தேன். தெருவில் வேறு வீடுகளிலும் அதே காய்ச்சல் இருந்தது. அங்கே கள்ளி இல்லை. அவர்கள் ஆஸ்பத்திரி மருந்து குடித்தார்கள், இன்று நடமாடுகிறார்கள்.

"தனம், என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லு ஒங்க அண்ணன" என்று அண்ணி என்னிடம் கேட்டார். வேர்க்கடலை வியாபாரம் நடக்கும் மல்லாட்டை மண்டியிலிருந்து அண்ணன் வந்ததும் சொன்னேன்.

"மொதல்ல முள்ளு தோஷம் கழியணும். அமாவாசை வரட்டும், மேல்மலையனூரு அங்காளம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்."

மறுநாளும் சொன்னேன். "ஒனக்கு இன்னா தெரியும், போ" என்றார்.

அங்காளம்மனை நானும் கும்பிடுகிறவள்தான். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அம்மன் யாரிடமும் சொல்லவில்லை. கொதிக்கிற உடம்பைக் கூண்டு வண்டியில் ஏற்றி, அமாவாசைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். திரும்பும்போது அண்ணிக்கு நினைவு தப்பிவிட்டது. அவருடைய அப்பா வந்துதான் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "இத்தனை நாளா என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டாராம். அதற்கு எங்கள் வீட்டில் பதில் இல்லை. அதனால்தான் கள்ளியைச் சொல்கிறார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், கண்ணேறு படாமலிருக்க, அம்மா ஒரு கற்றாழையைத் தலைகீழாக நிலைப்படியில் கட்டினார். "மண்ணு வேணாம், தண்ணி வேணாம், அது பாட்டுக்குப் பச்சையா இருக்கும். வீட்டுக்கு நல்லது" என்று அஞ்சலை அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். குப்பைமேட்டுக்குப் போட அம்மா எடுத்துவைத்திருந்த தொட்டிகளை, அந்தக் கற்றாழை என் தலையில் இடிக்க இடிக்க, ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிவந்து வெயில் விழும் ஜன்னலடியில் வைத்தேன்.

"யாரக் கேட்டு வெச்ச?" என்றார் அண்ணன்.

"அண்ணியை" என்றேன்.

போய் வாருங்கள், அண்ணி. உங்கள் தொட்டிகளில் இனி ஒரு பிடி மண்ணும் விழ விடமாட்டேன்.