கருங்காய்ச்சலும் கடைசி வரியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூர்ப் பக்கத்துச் செய்திகளை ஒரு நாளிதழுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மலையூரான நெல்லிவாசல்நாட்டிலிருந்து பீகாருக்குச் சாலை வேலைக்குப் போன ஒருவன் காய்ச்சலோடு திரும்பியிருந்தான். உடம்பு கறுத்துவிட்டது, மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே கல்லாக இருந்தது. ஊரில் அதைக் கட்டி என்று சொல்லி வயிற்றில் சூடு போட்டிருந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் கருங்காய்ச்சல் என்றார்கள். மணல் ஈ கடித்துப் பரவுவது. ஊசிகளை முடித்து அனுப்பும்போது டாக்டர் அவன் மனைவியிடம் இரண்டு முறை சொன்னார்: "வயித்துல அடி படக்கூடாதும்மா. மண்ணீரல் கிழிஞ்சா ஆள் தங்கமாட்டான்."

எனக்கு நோயை விளக்கினார். சில நாடுகளில் இது நாய்க்கும் வரும், நாயைக் கடித்த ஈ மனிதனையும் கடித்தால் தொற்றும். நம் நாட்டில் மனிதனிடமிருந்து மனிதனுக்குத்தான், நாய்க்குச் சம்பந்தமில்லை என்றார். அப்படியே எழுதினேன். முக்கியம் குறைந்ததைக் கடைசியில் வைப்பது எங்கள் தொழில் பழக்கம். நாய்க்குச் சம்பந்தமில்லை என்பது கடைசி வரியாயிற்று. இடம் போதாமல் அதை வெட்டிவிட்டார்கள்.

அவர்கள் வீட்டு நாய்தான் சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றியை அண்டவிடாமல் வைத்திருந்தது. அந்தச் சமயம் அதற்குச் சொறி பிடித்து முதுகில் முடி கொட்டியிருந்தது. சில வாரம் கழித்து நான் போனபோது நாய் இல்லை.

"பேப்பர்லயே போட்டுட்டாங்க, இன்னும் இன்னா பேச்சுன்னு ஊர்க்காரங்க தடியெடுத்துக்கினு வந்து அத்த அடிச்சுக் கொன்னுட்டாங்க," என்றாள் மனைவி. "சொறிதாங்கன்னேன். நீ இன்னா டாக்டரான்னு சிரிச்சாங்க."

உடன் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "நல்லவேளை நீங்க எழுதினீங்க. இல்லாட்டி ஊரே கறுத்துப் பூட்டிருக்கும்," என்றார்.

வெட்டுப்பட்ட வரியை இருவரிடமும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். அவள், "ஏங்க, அத்த மொதல்லயே போடக்கூடாதா?" என்று கேட்டாள்.

கொல்லையின் ஓரத்தைப் பன்றிகள் ஏற்கெனவே கிளறியிருந்தன. நடுவே காவல் பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன்.

"ஏறாதன்னா கேக்கமாட்டேங்குது. சாமை போச்சுன்னா இன்னாத்த துன்றதுன்னு என்னையே கேக்குது," என்றாள்.

கீழே நின்று அவனைக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். சிரித்தான். "நாய் வேலைதான சார். அத்தவிட நல்லாத்தான் கத்துறேன்."

சாமை அறுப்புக்கு முன்பே பரணின் மூங்கில் ஏணி முறிந்தது. வயிறு கல்லில் மோதும்படி விழுந்தான். டோலி கட்டிச் சுமந்துவந்தார்கள். ஜீப் நிற்கும் இடம் வருமுன்பே உயிர் போய்விட்டது.

அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். இந்த முறை நாயை முதல் வரியில் வைத்தேன். பரணிலிருந்து விழுந்து கூலித் தொழிலாளி சாவு என்று மூன்று வரி வந்தது. நாய் அதில் இல்லை.