மெமரியைத் தின்றது யார்?

போன செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடினேன். அங்கே ஓர் ஏலக்காய் ஏலக் கம்பெனி. போன வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் நுழைய வேண்டும்! அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான். ஏலம் பாதியில் இருக்கும்போது மெஷின் அப்படியே நின்றுவிடுகிறதாம். மூன்று வாரமாக இதே கதை.

ஹாலில் ஒரே இரைச்சல். போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஜீப்பில் இறங்கி வந்திருந்த ஏலக்காய்த் தோட்டக்காரர்கள்.

"எங்க சரக்கு எப்பப்பா ஏலத்துக்கு வரும்? வெரசா பாருங்கப்பா, மலையேற வேணாமா?"

மேனேஜர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "அண்ணே, ஆபரேட்டர் பிள்ளை செல்வராணி கண்டதையும் அமுக்குது போல. இன்னையோட நிப்பாட்டிருவோமா?"

நான் யோசித்தேனா? விசாரித்தேனா? "இருக்கலாம்" என்றேன். ஒரு பெண்ணின் வேலை போக அந்த ஒரு வார்த்தை போதாதா? வயரிங், வோல்டேஜ், வெயில், ஆபரேட்டர் — எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவோம். எழுதின புரோகிராமை மட்டும்... ம்ஹூம்!

அது அவள் காதில் விழுந்துவிட்டது. அழவில்லை. ஒரு நோட்டை நீட்டினாள். "சார், ஒரு நிமிசம் இதப் பாருங்க."

அந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. எந்தப் புரோகிராம் இந்த நிமிடத்தில் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை நிலவர ஃபைல் ஒன்றில் காட்டும். திறந்தால் ஓர் எண். மறுபடி திறந்தால் அந்த நேரத்து எண். மேனுவலில் இருக்கிறது. நான் படித்ததில்லை. அவள் படித்திருக்கிறாள்.

"ஒவ்வொரு லாட்டு முடிஞ்சதும் தொறந்து பாத்து எழுதிருக்கேன் சார். ஏறிக்கிட்டே போகுது. எறங்கவே மாட்டேங்குது."

"எறங்கணுமா?" என்றார் மேனேஜர்.

"எறங்கணும்ல சார்? சோலி முடிஞ்சா எடத்தக் காலி பண்ணணும்ல?"

எங்கள் கண்முன்னே ஒரு லாட்டை, அதாவது ஏலத்துக்கு வந்த ஒருவரின் சரக்கை, பதிந்தாள். ஃபைலைத் திறந்தாள். எண் ஏறியிருந்தது. இன்னொரு லாட். இன்னும் ஏறியது. ஏ.சி. அறையில் எனக்கு வியர்த்தது. லாட்டுக்கு லாட் மெமரியைக் கேட்டு வாங்கிய என் புரோகிராம், ஒருமுறைகூட அதைத் திருப்பித் தரவில்லை. தரச் சொல்லும் வரியை நான் எழுதவே இல்லை!

எழுதினேன். ஏலம் மறுபடி தொடங்கியது. எண் ஏறியது... இறங்கியது. பொழுது சாய்வதற்குள் கடைசி ஜீப்பும் மலைக்குக் கிளம்பிவிட்டது.

"தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். செல்வராணி "சரி சார்" என்றாள். சிரிக்கக்கூட இல்லை. ஏன் சிரிக்க வேண்டும்?

மேனேஜருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "என்னண்ணே, இப்பிடிச் சொல்லிட்டீக? ஆபரேட்டர் தப்புன்னா ஆள மாத்திரலாம். ஒங்க தப்புன்னா யார மாத்துறது?"

நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை — கேட்கும்படி நான் விட்டதுமில்லை.