அரைப் பேருக்கு உரிமை கேட்டவர்கள்

கலாராணியின் யூடியூப் சேனலுக்கு இன்னும் ஒரு நாள்தான் ஆயுள். கொழும்பு இசைக் கம்பெனி ஒன்று பதிப்புரிமை கேட்டு மூன்றாவது புகார் கொடுத்திருந்தது. அதை நாளைக்குள் மீளப் பெறாவிட்டால், எட்டு வருடமாகத் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டங்களில் அலைந்து அவள் பதிவுசெய்த நாற்பத்தொரு பாட்டும் போய்விடும். பதிவுசெய்த போன் எப்போதோ செத்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, கண்டி மாநகர சபையில் கிளார்க்காகி, அங்கேயே மஹய்யாவையில் குடியேறியவள். மேலதிகாரியிடம்கூடக் குரல் உயர்த்தாதவள் அன்று லீவு போட்டுவிட்டுக் கம்பெனியின் கண்டிக் கிளைக்குப் படியேறினாள். கூடவே சித்தி அங்கம்மா. புகாருக்குள்ளான பாட்டைப் பாடியவள் அவள்தான்.

கிளை மனேஜர் பிரதீஸ் கதிரையைக் காட்டினான். "அக்கா, அது எங்க கவிஞர் எழுதின பாட்டு. நீங்க எழுதினதுன்னா சொல்லுங்க, பார்க்கலாம்."

"நான் எழுதல. யாரும் தனியா எழுதல. மலையில எல்லாரும் பாடுறது."

"எல்லாரும்னா ஃபோர்ம்ல யார் பேரைப் போடுறது?" சிரித்துக்கொண்டே ஒரு தாளை நகர்த்தினான். "இந்த அம்மா எழுதி எங்களுக்குக் குடுத்ததா ஒரு கையெழுத்து. புகாரை இப்பவே எடுத்துர்றேன்."

கலாராணி தாளைப் பார்த்தாள். ஒரு கையெழுத்தில் நாற்பத்தொரு பாட்டும் தப்பிவிடும். ஆனால் நாளை தெல்தோட்டையில் எவள் அந்தப் பாட்டைப் பாடிப் போட்டாலும் இதே புகார் வரும். களவுக்கு ரசீது எழுதிக் கொடுப்பதா?

"தம்பி, பாட்டுல 'அரைப் பேரு'ன்னு வருதே, அப்படின்னா என்னா?" என்று கேட்டாள்.

"காதலன் செல்லமா பாதிப் பேரைச் சொல்லிக் கூப்புடுறது. வீடியோவும் அப்படித்தானே எடுத்திருக்கோம்."

அங்கம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடப் பாவி! கொழுந்து நிறை குறைஞ்சா அரை நாள் சம்பளந்தான் போடுவாங்க. அதுதான்டா அரைப் பேரு! வயித்தெரிச்சல்ல பாடினதுக்கு நீங்க கட்டிப்புடிச்சு ஆடுறீங்களா?"

கலாராணி தாளைத் திருப்பி வைத்தாள். "உங்க கவிஞர் எழுதின அர்த்தம் நீங்க சொன்னதுதான்னு இதுல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எழுதினவருக்கே அர்த்தம் தெரியலன்னு கோர்ட்டுல காட்டணும்."

பிரதீஸ் பேனாவைத் தொடவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இருபது நிமிடம். திரும்பியபோது முகத்தில் சிரிப்பில்லை.

"புகாரை எடுத்தாச்சு. போய்ட்டு வாங்க."

கலாராணி போனில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். "சரி. பாட்டு உங்களோடது இல்லைன்னும் எழுதிக் குடுங்க."

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லக்கா."

"யாருக்கு இருக்கோ அவருக்குப் போனைப் போடுங்க," என்று கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.