பருத்திப்பால் தம்ளர்

சென்ற வருடம் ஆவணியில், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பசுமலையில் உள்ள ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் வாராவாரம் அழைத்துப்போக ஆரம்பித்தேன். புதுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. டீச்சர் பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவாளாம். நானும் வேறொரு பள்ளியில் டீச்சர்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேச வைக்கிறவளுக்கு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை! அக்கம்பக்கத்தில் டிராயிங் கிளாஸுக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த மேடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னார். "பாப்பா இங்க சொல்றது பாப்பாவோடது. அவளுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் ஒங்ககிட்ட சொல்லுவேன். வீட்டுக்குப் போயி நீங்களும் தோண்டித் துருவாதீங்க." நானும் பலமாகத் தலையாட்டினேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மகளோடு தரையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மேடம், இம்புட்டு நேரமும் வெளாட்டுதானா?" என்று கேட்டேவிட்டேன்.

"பிள்ளைக பேசுறதே அதுலதாங்க" என்று சிரித்தார்.

நான் நம்பவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் வகுப்பில் "உள்ளேன் மிஸ்" என்று மகளின் குரல் கேட்டதாக அவள் டீச்சர் போன் செய்தார். சந்தோஷப்பட்டதோடு நான் நிறுத்தியிருக்கலாம். உள்ளே என்னதான் பேசுகிறாள், வீட்டுச் சண்டையெல்லாம் அங்கே போகிறதா என்று ஒரு குடைச்சல் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப் பக்கம், பருத்திக்கொட்டைப் பாலைக் கருப்பட்டி போட்டுச் சுடச்சுடக் காய்ச்சித் தரும் ஒரு பருத்திப்பால் வண்டி நிற்கும். மகளுக்கு அது என்றால் உயிர். தம்ளரை வாங்கி என் கையிலேயே வைத்துக்கொண்டு, "மொதல்ல சொல்லு, அப்புறந்தான் பருத்திப்பால்" என்பேன். வண்டிக்காரரே ஒரு முறை, "ஆறிப் போகுது, குடுங்கக்கா" என்றார்.

ஒரு நாள் மகள் மெதுவாகச் சொன்னாள். "அப்பா கத்துனா வயிறு வலிக்குதுன்னு சொன்னேம்மா."

அன்று மாலையே அதைக் கணவரிடம் கொட்டினேன். "ஒங்க லட்சணத்தைப் பிள்ளை அங்க போய்ச் சொல்லிட்டு வருது!" அவர் கத்த, பதிலுக்கு நான் கத்த, மகள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அதோடு பள்ளியில் மறுபடி கை மட்டும்தான் உயர்ந்தது. மேடத்திடமும் பேச்சை நிறுத்திவிட்டாள். "வீட்டுல எதுவும் நடந்துச்சாங்க?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணுமில்லையே மேடம்" என்று கூசாமல் சொன்னேன்.

அடுத்த முறை, மகளிடம் கேட்டுவிட்டு என்னையும் உள்ளே உட்கார வைத்தார். மகள் எங்களைப் பார்க்கவே இல்லை. பெரிய பொம்மையின் கையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். எதிரே குட்டிப் பொம்மை. அப்படியே என் குரலில், என் அதட்டலோடு, "மொதல்ல சொல்லு, அப்புறந்தான் பருத்திப்பால்" என்றாள். குட்டிப் பொம்மை மாட்டேன் என்று தலையாட்டியது. கிண்ணம் பெரிய பொம்மையின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. "பாவம், குட்டிக்கு ஆசையா இருக்குமே" என்றார்.

"ஆசைதான். ஆனா சொன்னா வீட்டுல சண்டை வரும்" என்றாள் மகள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தேன். "அம்மா செஞ்சது தப்புத்தான் தங்கம்" என்று எப்படியோ சொன்னேன். அவள் குட்டிப் பொம்மையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லு என்று மேடமும் அவளைத் தூண்டவில்லை. நானாக இருந்தால் தூண்டியிருப்பேன்.

இப்போது கணவரும் கூட வருகிறார். மகள் வகுப்பில் பேசுகிறாள். பருத்திப்பாலை வாங்கிய கையோடு அவளிடம் கொடுத்துவிடுகிறேன், எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் முதல் வாய் குடிக்கும் முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். குடிக்கலாமா என்று தயங்கும் அந்தப் பார்வையை அவளுக்குக் கற்றுக்கொடுத்த டீச்சர் நான்தான் என்பது, ஒவ்வொரு வாரமும் அந்த வண்டிக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கிறது.