ஒலிபெருக்கியில் அவர் பெயர்

பாயான் லெப்பாஸில் அமெரிக்கக்காரர்களின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சின்ன அறை என்னுடையது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பது பாதி வேலை. மீதி, ஆட்களைக் கூப்பிடுவது. யாராவது தங்கள் இடத்தில் இல்லையென்றால் மைக்கின் பொத்தானை அழுத்தி, அவர் பெயரைச் சொல்லி, இன்ன இடத்துக்கு வரவும் என்பேன். கட்டடம் முழுக்க, கழிப்பறை உட்பட, கூரையில் ஸ்பீக்கர் இருந்தது. என் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். என் குரலிடமிருந்து தப்பியவர் ஒருவரும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்த வருடம் டிவியில் வாரம் ஒரு நாள் ஓர் ஆங்கில நாடகம் போனது. அறிவியல் கதை என்றார்கள். ராக்கெட் கிடையாது, வேற்றுக்கிரகத்து ஆள் கிடையாது, வெறும் ஆபீஸ்தான். ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம். வேலைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே வீட்டைப் பற்றிப் பேசுவது குற்றம். நாள் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்குவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவ்வப்போது கூரையிலிருந்து ஒரு பெண் குரல் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குரியவர் எழுந்து, மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, லிஃப்டில் மேலே போவார். மறுநாள் அதே நாற்காலியில் அதே எண்ணோடு வேறொருவர் இருப்பார். நேற்றும் அவர்தான் இருந்தார் என்பது மாதிரி பக்கத்து மேசைக்காரர்கள் அவருக்குக் காலை வணக்கம் சொல்வார்கள்.

நாடகம் போன மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பாடு திண்டாட்டம். "அக்கா, இன்னிக்கு என்னைய மேல கூப்பிட்டுடாதீங்க லா" என்று உற்பத்தி லைனில் வேலை செய்யும் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களும் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். அது கால்குலேட்டருக்குள் போகிறது என்பாள் ஒருத்தி, இல்லை ஏவுகணைக்கு என்பாள் இன்னொருத்தி. சூப்பர்வைசரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

எனக்கோ அந்தக் குரல்காரிமேல் ஓர் அக்கறை. கடைசி வாரம் வரைக்கும் அவள் முகத்தைக் காட்டவேயில்லை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பேய். அவளும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தானே, அவளுக்கு மட்டும் மூஞ்சி கிடையாதா என்று டிவியோடு சண்டை போடுவேன். ஆங்கிலம் தெரியாத என் மாமியாருக்குக் கதையை நான்தான் சொல்லிக்கொண்டு வர வேண்டும். "இத்தன பேரு காணாம போறாங்க. கேக்கறதுக்கு ஒரு யூனியன் இல்லியா?" என்றார் அவர். எங்கள் கம்பெனியிலும்தான் இல்லை என்றேன். பக்கத்தில் கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டிருந்த அவர் மகன் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அவர் மகன், அதாவது என் கணவர், அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். இயந்திரம் நின்றால் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவர். அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் எங்களுக்குள் பழக்கமே வந்தது. இயந்திரம் எதுவும் கெடாத நாளில்கூட அவர் போன் செய்து, "இன்னிக்கு என்னைய கூப்பிடலையே, ஏன்?" என்று கேட்பார்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கணவனும் மனைவியும் அங்கே ஒன்றாக வேலை செய்யக்கூடாது. கல்யாணம் என்றால் இருவரில் ஒருவர் விலக வேண்டும். எங்களுக்கு இரண்டு சம்பளமும் வேண்டியிருந்தது. அதனால் கோயிலில் சிறிய அளவில் தாலி கட்டிக்கொண்டு, ஆபீஸில் உறவினர் கல்யாணம் என்று ஆளுக்கொரு லீவு எழுதிக் கொடுத்தோம். உறவினர் கல்யாணம் என்பது பொய்யும் இல்லை. தாலி கழுத்துவரை மூடிய சட்டைக்குள் போனது. வீடு இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறுவோம், அவர் முன்னால், நான் பின்னால். பெரிய தொல்லை சாப்பாடுதான். கேன்டீனில் இருவர் டப்பாவிலும் ஒரே குழம்பு இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று விடிவதற்குள் இரண்டு குழம்பு வைப்பேன். ரகசியக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை.

இவ்வளவும் யோசித்தவளுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, இயந்திரம் நின்றுவிட்டது, அவரைக் கூப்பிடு என்று லைனிலிருந்து போன் வந்தது. பொத்தானை அழுத்தினேன். வாய் வரவில்லை.

கணவன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் என் அம்மா, அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. கிளினிக்கில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். போன வாரம் வரை ஒரு நாளைக்குப் பல முறை நான் சொன்ன பெயர்தான். இப்போது தொண்டைக்குழியில் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. எனக்கே என்மேல் எரிச்சல். கடைசியில் அவர் மேசையின் போன் எண்ணைச் சொல்லி, அந்த எண்ணுக்குரியவர் லைனுக்கு வரவும் என்றேன். அந்த மேசை இரண்டு பேருக்குப் பொது. அவர் பகல் ஷிப்ட், இன்னொரு டெக்னீஷியன் இரவு ஷிப்ட். பகலில் அந்த எண் என்றால் அவர் ஒருவர்தான். அதையே பழக்கமாக்கிக்கொண்டேன்.

சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இதில் ஒன்றும் தெரியவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தமிழ் அக்கா மட்டும் ஒருநாள் என் கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"கம்பெனில எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுற. ஒருத்தர மட்டும் நம்பர்ல கூப்பிடுற. கல்யாணம் எப்ப ஆச்சு?"

சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா பேர் சொல்லிப் பழகிக்க லா. எனக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?"

அன்று ராத்திரி வீட்டில் அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "சரி, இங்க யாரும் இல்ல. சொல்லு பார்ப்போம்" என்றார். நான் முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். வெட்கமா பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆயுள் விஷயத்தில் எதற்கு வம்பு என்று அவரும் விட்டுவிட்டார்.

பிறகு நாடு முழுக்க வேலை மந்தமானது. எங்கள் கம்பெனியில் முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். அடுத்து இரவு ஷிப்டை மூடி, அந்த ஆட்களையும் பகலில் சேர்த்தார்கள். உட்கார்வதற்கு இடம் போதாமல், கேன்டீனில் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். எல்லோருக்கும் உள்ளூரக் கலக்கம். இருவரில் ஒருவருக்கு வேலை போனால் வாடகை எப்படி, அவர் தங்கையின் படிப்பு எப்படி என்று நாங்களும் படுத்தபடி யோசித்தோம்.

ஒருநாள் காலையில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனெல் மேனேஜர் போனில் வந்தார். சீனர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, மீட்டிங் ரூமுக்கு வரச் சொல் என்றார். கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெயர். அதையும் கூப்பிட்டேன். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டபோது முதல் பெண் வெளியே வந்தாள். கையில் ஓர் உறை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு, நான் பொத்தானை அழுத்தியதும் வரும் 'டிக்' சத்தத்துக்கே கட்டடம் அடங்கிப்போனது. கண்ணாடிக்கு அப்பால் வரவேற்பில் இருந்தவர்கள் என்னை நேராகப் பார்க்காமல் இருந்தார்கள். நான் யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் மேனேஜர் பெயரைச் சொல்லச் சொல்ல, நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கணவரின் பெயரைச் சொன்னார்.

திரும்பச் சொல்லுங்கள் என்றேன். திரும்பச் சொன்னார். பொத்தானை அழுத்தினேன், வழக்கமாகச் சொல்லும் எண்தான் வாயில் வந்தது. அந்த எண்ணுக்குரியவர் மீட்டிங் ரூமுக்கு வரவும்.

வந்தது அவர் இல்லை. அதே மேசையைப் பகிர்ந்துகொண்டிருந்த, இப்போது பகலுக்கு மாறியிருந்த இரவு ஷிப்ட் டெக்னீஷியன், மூன்று பிள்ளைக்காரர். என் கணவர் அப்போது லைனில் ஏதோ இயந்திரத்துக்கு அடியில் கிடந்திருக்கிறார். மேசையில் இருந்தவர் இவர்தான். முகம் வெளிறி, கையைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்து நடந்து வந்தார். மீட்டிங் ரூம் கதவில் அவர் கை வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

"அண்ணே, நீங்க இல்ல! உங்கள இல்ல!"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். "அப்ப யாரும்மா?" என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். எண் போட்டுக் கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. அவர் பெயரைச் சொன்னேன். தகப்பனார் பெயரையும் சேர்த்து, இரண்டு முறை. தாலி கட்டியபின் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கட்டடம் முழுக்கக் கேட்டது.

அவர் வந்தார். கையெல்லாம் கிரீஸ். கண்ணாடி அறையைத் தாண்டும்போது என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் நேராக என் அறைக்குள் நுழைந்தார். அவர் அங்கே ஒருநாளும் நுழைந்ததில்லை.

"எதாச்சும் கேக்கணுமான்னு மேனேஜர் கேட்டாரு" என்றார். "கேக்க ஒண்ணும் இல்ல, சொல்ல ஒண்ணு இருக்குன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"சுவிட்ச்போர்டுல உக்காந்திருக்கிறது என் பொண்டாட்டின்னேன். நான்தான் வெளிய போயிட்டேனே, இப்ப அவ ஒருத்திதான, ரூல்ல ஒண்ணும் தப்பு இல்லன்னேன்."

"அதுக்கு அவரு?"

"நோ ப்ராப்ளம்னாரு. கை குடுத்தாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதற்குள் போன் அடித்தது. மேனேஜர், அதே மெதுவான குரலில், அடுத்த பெயரைச் சொன்னார். எனக்குக் கை பொத்தானுக்குப் போகவில்லை.

"ஏங்க, நானும் வந்துடுறேன். போயிடலாங்க."

அவர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிடு லா" என்றார். "நம்ம வீட்டுக்கு இனிமே இந்தச் சம்பளம் ஒண்ணுதான்."

கூப்பிட்டேன். பெயரைத் தெளிவாக, இரண்டு முறை சொன்னேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு மனம் ஆறாதது அதுதான்.